தமிழ்ச் சமூகத்தில் உடற்தோற்றத் தாழ்வுணர்வு: ஆண், பெண் இருபாலார் மீதான சமூக அழுத்தங்கள்

ஆய்வுச் சுருக்கம்

தன் உடலைப் பற்றி ஒருவர் கொள்ளும் தாழ்வுணர்வு பெரும்பாலும் தனிமனித மனக்குறையாகவே கருதப்படுகிறது. அவ்வுணர்வு சமூகம் வகுத்த அளவுகோலால் விளைவது என்பதையும், அவ்வளவுகோல் காலந்தோறும் மாறிவந்துள்ளது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. சங்க இலக்கியத்தின் மாமை, பசலை என்னும் கருத்துகள், அன்றாடப் பேச்சுவழக்கு, திருமண வழக்கம், திரைப்படம், அழகுப்பொருள் சந்தை ஆகியன சான்றுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன. பெண்ணின் உடலைச் சமூகம் வெளிப்படையாக மதிப்பிடுகிறது. ஆணின் உடலை நகைச்சுவையின் போர்வையில் மதிப்பிடுகிறது. இவ்வேறுபாடே இருபாலாரும் அடையும் துன்பத்தின் தன்மையையும், அவர்கள் உதவி நாடும் வாய்ப்பையும் வேறுபடுத்துகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: உடற்பிம்பம், தாழ்வுணர்வு, மாமை, பசலை, நிறம், உருவகேலி, ஆண்மை, சமூக ஒப்பீடு.

முன்னுரை

மனிதன் தன் உடலோடு பிறக்கிறான். ஆயினும் அவ்வுடல் அழகியதா, குறையுடையதா என்னும் தீர்ப்பைப் பிறரிடமிருந்தே பெறுகிறான். ‘கறுப்பு’, ‘குண்டு’, ‘குட்டை’, ‘நோஞ்சான்’, ‘சொட்டை’ முதலிய சொற்கள் குழந்தைப் பருவத்திலேயே வீட்டிலும் பள்ளியிலும் செவியில் விழுகின்றன. வளர்ந்தபின் அச்சொற்களைச் சொல்வதற்குப் பிறர் தேவைப்படுவதில்லை; கண்ணாடியின் முன் நிற்பவரே தமக்குத் தாமே அவற்றைச் சொல்லிக்கொள்கிறார். புறத்தே இருந்த தீர்ப்பு அகத்தே குடியேறும் இந்நிகழ்வே உடற்தோற்றத் தாழ்வுணர்வின் அடிப்படையாகும்.

இது பெண்களுக்கே உரிய சிக்கல் என நெடுங்காலம் எண்ணப்பட்டது. ஆண்களிடத்தும் இது பரவலாகக் காணப்படுவதை அண்மைக்கால உளவியல் ஆய்வுகள் எடுத்துரைக்கின்றன. இருபாலார்க்கும் பொதுவான கூறுகளையும் வேறுபடும் கூறுகளையும் தமிழ்ச் சமூகச் சூழலில் வைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உடற்பிம்பம்: கருத்தாக்க விளக்கம்

உடற்பிம்பம் என்பது ஒருவர் தம் உடலைக் குறித்து மனத்தில் கொண்டுள்ள உருவத்தையும், அவ்வுருவத்தின்பால் அவர்க்குள்ள உணர்வையும் ஒருங்கே குறிக்கும். பால் ஷில்டர் என்னும் உளமருத்துவ அறிஞர் 1935ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இக்கருத்தை விரிவாக ஆராய்ந்தார். உடற்பிம்பம் நரம்பு மண்டலத்தால் மட்டும் அமைவதன்று; பிறரோடு கொள்ளும் உறவாலும் அமைவது என்பது அவருடைய அடிப்படைக் கருத்தாகும்.

லியோன் ஃபெஸ்டிங்கர் 1954ஆம் ஆண்டு முன்வைத்த சமூக ஒப்பீட்டுக் கோட்பாடு இதற்கு மேலும் விளக்கம் தருகிறது. புறநிலையான அளவுகோல் இல்லாதவிடத்து மனிதர் தம்மைப் பிறரோடு ஒப்பிட்டே மதிப்பிடுகின்றனர் என்பது அக்கோட்பாட்டின் சாரம். அழகிற்குப் புறநிலையான அளவுகோல் இல்லை. ஆகவே ஒப்பீடே அங்கு அளவுகோலாகிவிடுகிறது. பெற்றோர், நண்பர், ஊடகம் ஆகிய மூன்றும் இவ்வொப்பீட்டை உருவாக்கும் வாயில்கள் எனக் கெவின் தாம்சனும் அவர்தம் குழுவினரும் 1999இல் எடுத்துரைத்தனர்.

பெண்ணின் நிலையைத் தனித்து விளக்கும் கோட்பாட்டைப் பார்பரா ஃபிரெட்ரிக்சன், டோமி-ஆன் ராபர்ட்ஸ் ஆகியோர் 1997இல் வகுத்தனர். பெண்ணை ஆளாக நோக்காமல் பார்வைக்குரிய பண்டமாக நோக்கும் பண்பாட்டில், பெண் தானும் தன்னை வெளியிலிருந்து நோக்கக் கற்றுக்கொள்கிறாள் என்பது அவர்கள் முடிவு. அதே ஆண்டில் ஹாரிசன் போப் முதலானோர், கட்டுடல் கொண்ட ஆண்களும் தம் உடல் மெலிந்திருப்பதாக நம்பி வருந்தும் நிலையைத் தசைத்திரிபு உணர்வு என வகைப்படுத்தினர். 2013இல் வெளிவந்த அமெரிக்க உளமருத்துவக் கழகக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் இந்நிலை உடற்தோற்றத் திரிபுக் கோளாற்றின் ஒரு கூறாக இடம்பெற்றது.

அளவுகோல் மாறினால் தாழ்வுணர்வும் மாறும் என்பதற்கு ஃபிஜித் தீவில் ஆன் பெக்கர் நிகழ்த்திய ஆய்வு சான்றாகும். பருத்த உடலை நலத்தின் அடையாளமாக மதித்த ஃபிஜியின் ஒரு பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. அவ்வாண்டில் 12.7 விழுக்காட்டு மாணவியரிடம் காணப்பட்ட உணவுப்பழக்கக் கோளாற்றுக்கான அறிகுறிகள், 1998இல் ஆய்வுக்கு உட்படுத்தப்பட்ட மாணவியருள் 29.2 விழுக்காட்டினரிடம் காணப்பட்டன. மூன்றே ஆண்டுகளில் அப்பெண்களின் உடல் மாறிவிடவில்லை. உடலை நோக்கும் கண்ணே மாறியது. இத்தகைய மாற்றம் தமிழ்ச் சமூகத்தில் நெடிய காலப் பரப்பில் நிகழ்ந்திருப்பதை இலக்கியங்கள் காட்டுகின்றன.

மாமையும் பசலையும்: நிறத்தின் பொருள்மாற்றம்

சங்க அகப்பாடல்களில் தலைவியின் இயல்பான மேனியழகு ‘மாமை’ எனப்படுகிறது. உரையாசிரியர்கள் இதனை மாந்தளிரின் நிறம் என்பர். ‘மா’ என்னும் சொல்லுக்குக் கருமை என்னும் பொருளும் உண்டு. முல்லை நிலத் தெய்வம் ‘மாயோன்’ எனவும், அழகிய தலைவி ‘மாயோள்’ எனவும் அழைக்கப்பட்டமை இங்கு நினைக்கத்தக்கது. இவ்வழக்குகளில் கருமை குறையாகச் சுட்டப்படவில்லை. அழகின் பெயராகவே நிற்கிறது.

இதற்கு எதிர்நிலையில் நிற்பது பசலை. தலைவனைப் பிரிந்த துயரால் தலைவியின் மேனியில் படரும் வெளிறிய மஞ்சள் நிறமே பசலையாகும். இதனைப் பீர்க்கம்பூவின் நிறத்தோடும் பொன்னின் நிறத்தோடும் புலவர்கள் ஒப்பிட்டனர். குறுந்தொகையின் 27ஆம் பாடலில் வெள்ளிவீதியார், தன் மாமை அழகு தனக்கும் உதவாமல் தலைவனுக்கும் பயன்படாமல் பசலையால் உண்ணப்படுவதாகத் தலைவி வருந்துவதைப் பாடுகிறார். திருக்குறளிலும் பசப்புறு பருவரல் என 119ஆம் அதிகாரம் இத்துயரத்திற்கே ஒதுக்கப்பட்டுள்ளது.

மாமை நலத்தின் நிறம். பசலை நோயின் நிறம். இன்றைய சமூகத்திலோ மேனி வெளிறுவதற்காகக் களிம்புகள் பூசப்படுகின்றன. அன்று இழப்பாகக் கருதப்பட்ட வெளிர்மை இன்று பேறாகக் கருதப்படுகிறது. ‘மாநிறம்’ என்னும் சொல்லின் இன்றைய நிலையும் நோக்கத்தக்கது. திருமண விளம்பரங்களில் அது அழகைச் சுட்டும் சொல்லாக வழங்குவதில்லை. ‘கறுப்பு’ எனச் சொல்லத் தயங்குமிடத்து அதனை மென்மையாக்கும் இடக்கரடக்கலாகவே வழங்குகிறது.

இதனைக் கொண்டு பண்டைச் சமூகம் உடலை அளவிடவில்லை என்று முடிவு செய்தலாகாது. நுண்ணிய இடை, மூங்கில் அனைய தோள், நீண்ட கூந்தல் எனப் பெண்ணின் உறுப்புகளைத் தனித்தனியே நோக்கும் மரபு சங்க காலத்திலேயே உண்டு. பிற்காலத்தில் பாதாதிகேசம், கேசாதிபாதம் எனச் சிற்றிலக்கிய வகைகளாகவும் அது வளர்ந்தது. ஆணின் உடலோ மலைபோன்ற மார்பு, மார்பில் ஏற்ற விழுப்புண் என வீரத்தின் சான்றாகவே பாடப்பட்டது. பெண்ணுடல் காட்சிக்குரியது, ஆணுடல் செயலுக்குரியது என்னும் பாகுபாடு இவ்வாறு பழமையுடையது. எனினும் தலைவன் தலைவியர்க்குரிய ஒப்புமைகளாகத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் பத்தனுள் உருவு ஒன்று மட்டுமே. குடிமை, நிறை, அருள், உணர்வு முதலியனவும் அதனோடு இணைத்து எண்ணப்பட்டன. உருவத்தின் இடம் இருந்தது. ஆனால் அது முழு இடத்தையும் பிடித்துக்கொள்ளவில்லை.

பேச்சுவழக்கில் பதிந்த மதிப்பீடு

ஒரு சமூகத்தின் அளவுகோலை அதன் அன்றாடப் பேச்சு காட்டிக்கொடுக்கும். ‘கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா’ என்னும் தொடர் பாராட்டாகவே சொல்லப்படுகிறது. ஆயினும் ‘இருந்தாலும்’ என்னும் ஒரு சொல்லே அதில் அளவுகோலாகச் செயற்படுகிறது. கறுப்பு ஒரு குறை என்பதை முதலில் ஒப்புக்கொண்ட பின்னரே களை என்னும் ஈடு அங்கு வழங்கப்படுகிறது. ‘காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு’ என்னும் பழமொழியும் கருநிறக் குஞ்சு பொன் ஆகாது என்னும் முன்முடிவைத் தாங்கியே தாயன்பைப் பேசுகிறது. ‘கறுப்பே அழகு, காந்தலே ருசி’ என்னும் எதிர்க்குரலும் வழக்கில் உண்டு. ஆனால் அது ஆறுதல் கூறுமிடத்தே பெரிதும் பயன்படுவதால் எதிர்க்க வந்த மதிப்பீட்டை முற்றும் வெல்லவில்லை.

இவ்வழுத்தம் பிறப்பிற்கு முன்பே தொடங்குகிறது. கருவுற்ற பெண்ணுக்குக் குங்குமப்பூ கலந்த பால் கொடுத்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்னும் நம்பிக்கை தமிழ் இல்லங்களில் இன்றும் நிலவுகிறது. தோலின் நிறம் மெலனின் என்னும் நிறமியின் அளவையும் தன்மையையும் பொறுத்தது. அதனை மரபணுக்களே பெரிதும் தீர்மானிக்கின்றன. தாய் அருந்தும் பாலால் அது மாறுவதில்லை. உண்மையில் இவ்வழக்கம் குழந்தையின் நிறத்தை மாற்றுவதில்லை. குழந்தை எந்நிறத்தில் பிறக்கவேண்டும் என்னும் எதிர்பார்ப்பையே ஊட்டி வளர்க்கிறது.

பெண் மீதான அழுத்தம்

பெண்ணின் உடல் மீதான மதிப்பீடு திருமணத்தை மையமாகக் கொண்டு வெளிப்படையாக நிகழ்கிறது. ‘பெண் பார்த்தல்’ என்னும் பெயரே பார்ப்பவர் யார், பார்க்கப்படுபவர் யார் என்பதை வரையறுத்துவிடுகிறது. ‘சிவந்த நிறம்’, ‘ஒல்லியான உடல்வாகு’ என்பன கல்வி, பணி ஆகியவற்றுக்கு இணையான தகுதிகளாகத் திருமண விளம்பரங்களில் இடம்பெறுகின்றன. நிறம் குறைந்த பெண்ணுக்கு நகையும் பணமும் கூடுதலாகக் கேட்கப்படும் வழக்கத்தில், உடற்தோற்றம் குடும்பத்தின் பொருளாதாரச் சுமையாகவே மாறுகிறது. அந்நிலையில் பெண் தன் நிறத்தைப் பெற்றோருக்குத் தான் இழைத்த தீங்காகவே உணரத் தலைப்படுகிறாள்.

திருமணத்தோடு இது முடிவதில்லை. மகப்பேற்றுக்குப் பின் கூடும் உடல் எடை, வயிற்றில் விழும் வரிகள், முடி உதிர்தல் ஆகிய இயற்கையான மாற்றங்களும் கேலிக்கு உள்ளாகின்றன. மெலிந்திருந்தால் ‘சோறு போடுவதில்லையா’ என்றும், பருத்திருந்தால் ‘இப்படிப் போட்டுவிட்டாயே’ என்றும் உறவினர் வினவுவது நலம் விசாரிப்பாகவே கொள்ளப்படுகிறது. அக்கறையும் இழிவும் ஒரே சொல்லில் கலந்து வருவதால் அதனை மறுத்துப் பேசவும் பெண்ணுக்கு வழியில்லாது போகிறது.

ஆண் மீதான அழுத்தம்

‘ஆணுக்கு அழகு எதற்கு’ என்னும் பேச்சு ஆண் இவ்வழுத்தத்திலிருந்து விடுபட்டவன் என்னும் தோற்றத்தைத் தருகிறது. உண்மை அதற்கு மாறானது. உயரம், மீசை, தாடி, கனத்த குரல், அகன்ற தோள், தலைமுடி ஆகியன ஆண்மையின் அடையாளங்களாக எதிர்பார்க்கப்படுகின்றன. மீசை அரும்பாத இளைஞனும், மென்குரல் உடையவனும், மார்பில் சதை திரண்டவனும் நண்பர் குழுவில் நாள்தோறும் எள்ளலுக்கு ஆளாகின்றனர். பெண்ணிடம் ‘நீ அழகாக இல்லை’ எனச் சொல்லப்படுகிறது. ஆணிடம் ‘நீ ஆணாகவே இல்லை’ எனச் சொல்லப்படுகிறது. பின்னது அழகைக் கடந்து அடையாளத்தையே மறுப்பதாகும்.

இவ்வெள்ளலை விளையாட்டாக ஏற்றுக்கொள்ளவேண்டும் என்பதும் ஆண்மையின் இலக்கணமாகக் கருதப்படுகிறது. வருந்துவதாகக் காட்டிக்கொண்டால் அதுவே மேலும் ஒரு கேலிக்குக் காரணமாகிறது. ஆகவே ஆணின் தாழ்வுணர்வு மௌனத்துள் அடங்குகிறது. சட்டையைக் கழற்றத் தயங்கி நீச்சலைத் தவிர்ப்பதும், தொப்பி அணியாமல் வெளியே செல்லாதிருப்பதும், ஒளிப்படங்களிலிருந்து விலகுவதும் இம்மௌனத்தின் வெளிப்பாடுகளாக அமையலாம்.

திரைப்படத்தின் பங்கு

தமிழர் வாழ்வில் ஆழப் பதிந்த ஊடகமான திரைப்படம் இருபாலார்க்கும் இருவேறு அளவுகோல்களைப் பயன்படுத்தியது. நாயகனின் கருநிறம் மண்ணின் அடையாளமாகக் கொண்டாடப்பட்ட படங்களிலும், நாயகியாகப் பிற மாநிலங்களைச் சேர்ந்த வெண்ணிற நடிகையரே மிகுதியும் நடித்தனர். கருநிற ஆண் மக்களின் பிரதிநிதியாகலாம். கருநிறப் பெண் காதலுக்குரியவளாதல் அரிது என்னும் செய்தியைச் சொற்களின்றியே இவ்வழக்கம் பரப்பியது. 2007இல் வெளிவந்த ‘சிவாஜி’ திரைப்படத்தில் கருநிறப் பெண்கள் இருவர் நகைப்புக்குரியவராகக் காட்டப்பட்டு, அவர்களுக்கு அங்கவை, சங்கவை எனப் பெயரும் சூட்டப்பட்டது. பாரியின் மகளிர்க்குத் தமிழ் மரபு வழங்கிய பெயர்கள் அவை. தமிழார்வலர்கள் இதனைக் கண்டித்தனர். அதே படத்தில் நாயகனே சிவப்பாக முயலும் காட்சிகளும் இடம்பெற்றன.

நகைச்சுவைப் பகுதிகளில் உடலே பாத்திரமாயிற்று. ஓமக்குச்சி நரசிம்மன், குண்டு கல்யாணம் என நடிகர்தம் உடல்வாகே பெயரின் அடைமொழியாக நிலைத்தமை இதனை உணர்த்தும். ‘வாரணம் ஆயிரம்’ (2008) வெளிவந்த காலந்தொட்டு ‘சிக்ஸ் பேக்’ என்னும் சொல் தமிழ் இளைஞரிடையே பெருவழக்காயிற்று. பல மாதப் பயிற்சியாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் ஒரு காட்சிக்காக நடிகர் உருவாக்கும் உடல், பார்வையாளனுக்கு அன்றாட இலக்காக மாறுகிறது.

சந்தையும் நெறிப்பாடும்

தாழ்வுணர்வு இருக்குமிடத்தில் சந்தை உருவாகிறது; சந்தை நிலைக்க அவ்வுணர்வு தொடரவேண்டியுள்ளது. இந்தியாவில் 1975இல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ களிம்பு அறிமுகமாயிற்று. நிறம் கூடியபின் பெண்ணுக்கு வேலையும் மணமும் கைகூடுவதாகக் காட்டும் விளம்பரங்கள் பல ஆண்டுகள் ஒளிபரப்பாயின. 2005இல் ‘ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்’ ஆண்களுக்கென வந்தது. பெண்களுக்கான களிம்பை ஆண் மறைவாகப் பூசுவது இழுக்கு என்பதே அதன் தொடக்ககால விளம்பரங்களின் கருப்பொருள். பெண்ணிடம் மணத்தைச் சொல்லி விற்ற அதே பொருள், ஆணிடம் ஆண்மையைச் சொல்லி விற்கப்பட்டது.

எதிர்வினைகளும் எழுந்தன. சென்னையை மையமாகக் கொண்ட ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு 2009இல் கருமையே அழகு என்னும் பரப்புரையைத் தொடங்கியது. இந்திய விளம்பரத் தர மன்றம் 2014இல் வெளியிட்ட நெறிமுறைகள், கருநிறத்தாரைக் கவர்ச்சியற்றவராகவோ மணத்திலும் பணியிலும் தாழ்ந்தவராகவோ காட்டலாகாது என வரையறுத்தன. 2020இல் களிம்பின் பெயரிலிருந்து ‘ஃபேர்’ நீக்கப்பட்டு ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆயிற்று. அவ்வாண்டே ‘ஷாதி.காம்’ தளம் நிறத்தைக் கொண்டு வரன் தேடும் வசதியை நீக்கியது. எனினும் ‘சிவப்பழகு’ மறைந்து ‘பொலிவு’ வந்தமை சொல் மாற்றமாகவே நின்றுவிடக்கூடும் என்னும் ஐயம் நியாயமானதே.

உடலுக்கு நேரும் தீங்கு

இவ்வழுத்தம் மனத்தோடு நிற்பதில்லை. மருத்துவர் அறிவுரையின்றி நிறத்திற்காக நெடுநாள் பூசப்படும் ஸ்டீராய்டு களிம்புகள் தோலை மெலியச் செய்து, முகப்பரு, நிலையான சிவப்பு, தேவையற்ற முடிவளர்ச்சி ஆகியவற்றை உண்டாக்குகின்றன. பாதரசம் கலந்த களிம்புகள் சிறுநீரகத்தைப் பாதிக்க வல்லவை. தசை பெருக்க ஆண்கள் ஊசியாகச் செலுத்திக்கொள்ளும் அனபாலிக் ஸ்டீராய்டுகள் உடலின் இயற்கையான ஆண்மைச் சுரப்பைக் குறைத்து, மலட்டுத்தன்மைக்கும் இதயப் பாதிப்புக்கும் வழிவகுக்கின்றன. ஆண்மையின் தோற்றத்தைப் பெற மேற்கொள்ளும் முயற்சி ஆண்மையின் உடலியல் அடிப்படையையே சிதைப்பது இதன் முரண்.

சென்னையில் 2016இல் அழகுநிலையம் ஒன்றில் முடிமாற்றுச் சிகிச்சை பெற்ற மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். 2024இல் உடல் எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சையின்போது இளைஞர் ஒருவர் இறந்தார். இருவரும் ஆண்கள் என்பது, உடற்தோற்றக் கவலை பெண்ணுக்கே உரியது என்னும் எண்ணத்தை மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது.

உடல் எடை நலவாழ்வோடு தொடர்புடையது என்பது மறுக்கவியலாதது. ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37.0 விழுக்காட்டினரும் மிகுஎடை அல்லது உடற்பருமன் உடையோர். ஆகவே எடையைப் பற்றிப் பேசுவதே தவறு என்னும் நிலைப்பாடு பொருந்தாது. நலம் கருதிய அறிவுரை தனியிடத்தில், உரியவரால், வழிமுறையோடு சொல்லப்படுவது. உருவகேலியோ பலர்முன், எவராலும், நகைப்பிற்காகச் சொல்லப்படுவது. கேலிக்கு அஞ்சுபவர் உடற்பயிற்சிக் கூடத்தையும் மருத்துவரையும் தவிர்க்க நேர்வதால், கேலி எடையைக் குறைப்பதற்கு மாறாக நலத்தையே குறைக்கிறது.

உதவிக்கான வழிகளிலும் இருபாலார் நிலை ஒன்றாக இல்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் இழிவுரையையும் எள்ளலையும் சொல்வழி, உணர்வுவழித் துன்புறுத்தலாக ஏற்கிறது. பெண்ணுக்கு அவள் துன்பத்தைச் சொல்லச் சட்டத்தில் ஒரு பெயரேனும் கிடைத்துள்ளது. ஆணின் துன்பத்திற்குப் பேச்சுவழக்கில்கூடப் பெயர் இல்லை. பெண்ணின் சுமை மிகுதியானது, திருமணத்தையும் பொருளாதாரத்தையும் சார்ந்தது. ஆணின் சுமை அதற்கு ஈடன்று எனினும், சொல்லப்படாததால் கண்டறியப்படாதது. கல்வி நிறுவனங்களின் ஆற்றுப்படுத்தும் பணி இவ்விரண்டையும் வேறுபடுத்தி உணர்வது இன்றியமையாதது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் உடற்தோற்றத் தாழ்வுணர்வு தனிமனிதரின் தன்னம்பிக்கைக் குறைவால் மட்டும் விளைவதன்று என்பது பெறப்படுகிறது. மாமையை அழகாகவும் பசலையை நோயாகவும் கண்ட மொழியிலேயே இன்று வெளிர்மை விரும்பப்படுகிறது. எனவே அழகின் அளவுகோல் இயற்கையானதோ நிலையானதோ அன்று. அவ்வளவுகோல் பெண்ணிடம் மணத்தின் தகுதியாகவும், ஆணிடம் ஆண்மையின் சான்றாகவும் செயற்படுகிறது. பெண்ணிடம் அது அக்கறையின் மொழியிலும் ஆணிடம் நகைச்சுவையின் மொழியிலும் பேசுவதால் இருவராலும் எளிதில் எதிர்க்கப்படுவதில்லை.

தன்னை நேசிக்குமாறு பாதிக்கப்பட்டவரிடம் கூறுவதோடு தீர்வு முடிவதில்லை. வினைத்திட்பம் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், உருவத்தைக் கண்டு பிறரை இகழ்தல் கூடாது என எள்ளுவோரை நோக்கியே அறிவுறுத்துகிறார். திருத்தம் தொடங்கவேண்டிய இடம் அதுவே. பாடநூல்கள், திரைப்பட உரையாடல்கள், திருமண விளம்பரங்கள், வட்டாரக் கேலிச்சொற்கள் ஆகியவற்றில் உடல் மதிப்பிடப்படும் முறையைத் தொகுத்து ஆராயும் பணி தமிழாய்வாளர்க்கு உரியது. சங்கப் பாடலில் மாமையைக் கற்பிக்கும் வகுப்பறையில் அச்சொல்லுக்கு நேர்ந்த பொருள்மாற்றத்தையும் சேர்த்துக் கற்பித்தால், கருநிற மாணவிக்கும் மெலிந்த மாணவனுக்கும் தம்மை அளக்கும் கோல் மனிதர் செய்தது என்னும் தெளிவு கிட்டும்.